செய்தவரே பறக்கவிட வேண்டும்

கொட்டாஞ்சேனையின் அந்தத் தேவாலய மண்டபத்தில் விமானம் பறக்கும்போது மின்விசிறி சுழலக் கூடாது, கதவு திறக்கக் கூடாது. இறப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் ஆடி அசைந்து சுற்றும் அந்தப் பூஞ்சையான மாதிரி விமானத்தைக் கவிழ்க்க ஒரு தும்மல் போதும். அதனால் அன்று விமானக் கழகத்தில் மூண்ட சண்டையும் குசுகுசுவென்றே நடந்தது.

செய்தவரே பறக்கவிட வேண்டும் என்ற விதியை நீக்கச் சொன்னவர் ஜாபிர். மெற்றில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல் கம்பனி வேலை முடிந்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குப் பல்சா என்ற இலேசான மரத்தைச் சீவுகிறவள் அவள். வருடக்கணக்காக ஜாபிரிடம் தோற்று, போன முறைதான் கோப்பையைக் கண்டாள்.

"உங்கட மகன் ஜப்பானிலயிருந்து விமானத்தைப் பெட்டியில அனுப்புவார், ஜாபிர் நானா நீங்கள் இஞ்ச பறக்கவிடுவீங்கள். நல்ல போட்டிதான்!"

ஜாபிருக்குப் பறக்கவிடும் முறை வந்தது. எழுந்து போய் இறப்பரைக் கொக்கியில் மாட்டப் பார்த்தார். தவறியது. விரலால் தடவி மறுபடி மாட்டப் பார்த்தார். மறுபடியும் தவறியது. மெற்றில்டா போய் மாட்டிக் கொடுத்தாள். அவர் செய்த விமானத்தின் இறகில் பசை திட்டுத்திட்டாக இருந்தது. பசை வைத்த இடமே தெரியாமல் ஒட்டுகிற மனிதர்!

"கண்ணில ஏதும் பிரச்சினையோ, ஜாபிர் நானா?"

"சீனி வருத்தம், தங்கச்சி. ரத்தத்துல சீனி கூடி கண்ணப் புடிச்சிட்டு. தூரத்துல உள்ளது நல்லா வெளங்குது. கிட்ட உள்ளதுதான் வெளங்குதில்ல."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வாக்கெடுப்புல பாவம் பாத்து கை தூக்குவீங்க. அது வாணாம்."

அந்த விதி மாற்றம் அவளுக்கு அப்போதும் பிடிக்கவில்லை. ஆனாலும் வாக்கெடுப்பு நடந்தபோது கையைத் தூக்கினாள். அவளுடைய ஒரு வாக்கால்தான் விதி மாறியது.

வெளியே வந்ததும் ஜாபிர் கேட்டார்: "மகன்ட பெட்டி எனக்கெதுக்கு? நீங்க ஒண்டு செஞ்சு தாங்களேன்."

அவள் இதை எதிர்பார்க்கவேயில்லை. சரி என்று சொல்லிவிட்டு, தனக்கும் சேர்த்து இரண்டு செய்தாள். பாழாய்ப்போனது, ஒன்று மற்றதைவிட நன்றாக அமைந்துவிட்டது. எதை அவருக்குக் கொடுப்பது என்று தன்னோடேயே மல்லுக்கு நின்றாள். கடைசியில் நல்லதைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு வருத்தமும் பட்டாள்.

அதிக நேரம் பறப்பதற்குத்தான் கோப்பை. போட்டியன்று அவளுடைய விமானம் தரையைத் தொட்டபோது, ஜாபிருடையது இன்னும் கூரையடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். மெற்றில்டா குனிந்து தன் விமானத்தை எடுத்தாள். கோப்பை போயிற்றே என்று அழுகைகூட வந்தது.

"எவ்வளவு வடிவாப் பறக்குது! ஆர் செய்தது?" என்று பக்கத்திலிருந்து வேடிக்கை பார்த்த றஷ்மி கேட்டாள்.

"நான்தான்" என்றாள் மெற்றில்டா.