எபன் கில்கர் ஒப்புக்கொண்ட குற்றம்

மழையில் நனைந்த தோல்பந்து செங்கல் கனம் கனக்கும். அதைப் பதினொரு வருஷம் தலையால் முட்டிக் குடும்பம் நடத்தியவன் எபன் கில்கர். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் நிலக்கரிச் சீமையில் அவனைப் போல எழும்புகிற ஆள் கிடையாது. 1911இல் அந்தத் தலை மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெயர்கள் மறந்தன, சொந்த வீட்டு வாசலைத் தாண்டி நடந்தான். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: மனைவி எல்ஸ்பெத், அவளுடைய அண்ணன் துகல். துகலும் அதே கால்பந்து அணியில், எபனுக்குப் பின்னால் நின்று ஆடுகிறவன்.

ஏப்ரல் கடைசியில், அடுத்த வருஷத்துக்கு யார் யார் என்று கிளப் பட்டியல் போடும்.

"அதுவரைக்கும் ஓட்டிடு மாப்ளே. நான் கத்துற பக்கம் முட்டு, போதும்" என்றான் துகல். இது நியாயமில்லை என்று அவனுக்கும் தெரியும். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நியாயத்தையா உலையில் போடுவது?

கடைசி ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. எதிரணிக்காரன் இடித்ததில் துகல் சேற்றில் விழுந்தான், கத்த மூச்சில்லை. மூலையிலிருந்து பந்து வந்தது. எபன் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினான். அருமையான கோல். முதல் பாதியில் எதிரி காத்த வலைதான்; இப்போது அது எபனின் சொந்த அணியுடையது.

கைகளைத் தூக்கிக்கொண்டு துகலிடம் ஓடிவந்தான் எபன். "பாத்தியா மச்சான்!"

மைதானமே ஊளையிட்டது. "தோத்துக் குடுக்க எவ்வளவுடா வாங்கின? பொண்டாட்டிக்குப் பட்டுக் கவுனா?"

ஒரு கோலில் தோற்றார்கள். கிளப் இயக்குநர் பிரிங்கிள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கறிக்கடை முதலாளி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"காசு வாங்கினானா? வாங்கியிருந்தா ஆயுசுக்கும் பந்தைத் தொட முடியாது."

பிழைப்பு போய்விட்டது, மானமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தான் துகல். "ஐயா, இவன் யோக்கியன். இவன் தலைதான்…"

"வாங்கினேன் ஐயா" என்றான் எபன். "எழுதிக்கோங்க."

பிரிங்கிள் காகிதம் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று பல்லைக் கடித்தான் துகல்.

"அதைத்தான் யாரும் சொல்லக் கூடாது மச்சான். திருடனுக்குக்கூடச் சுரங்கத்துல வேலை குடுப்பான். தலை போனவனை வெடி வைக்கிற இடத்துல எவன் இறக்குவான்? அப்புறம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். உன் தங்கச்சி என்ன பண்ணுவா?"

இத்தனை மாதத்தில் அவன் இவ்வளவு தெளிவாகப் பேசித் துகல் கேட்டதில்லை.

பிரிங்கிள் திரும்பி வந்தார். "இவன் வாங்கினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. வாங்கினான்" என்றான் துகல். சாட்சிக் கையெழுத்தும் போட்டான்.

வெளிவாசலில் கூட்டம் காத்திருந்தது. நேற்றுவரை எபனைத் தோளில் தூக்கிய கூட்டம். முதல் எச்சில் அவன் கன்னத்தில் விழுந்தது.

எபன் திகைத்துப்போய் மச்சானைப் பார்த்தான். "ஏன் துப்புறாங்க? நான்தானே கோல் போட்டேன்? நாம ஜெயிச்சோமில்ல?"

"ஜெயிச்சோம் மாப்ளே" என்று சொல்லி, தன் சட்டைக் கையால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டான் துகல்.