தாமதமாய் எரியும் விளக்கு

நகங்களுக்கு அடியில் இருந்த கறுப்பு போகிறதாக இல்லை. அவள் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பிழிந்து, கணவனின் வலது கைக் கட்டைவிரலை மறுபடியும் தேய்த்தாள். சாப்பிட உட்காரும் முன் இந்தக் கையைக் கழுவ வைப்பதற்குள் தினமும் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இன்று கை சொன்னபடி கேட்டது. கறுப்புதான் கேட்கவில்லை.

"விடுங்க அண்ணி. இப்ப யாரு வந்து நகத்தைப் பாக்கப் போறாங்க?" என்றாள் நாத்தனார்.

"நான் பாக்கறேன்ல."

நாத்தனார் உதட்டைச் சுழித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். புதிதாக இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்களுக்கு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். தெரியப்படுத்த நாத்தனாரைவிடச் சிறந்த ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

"எங்கண்ணன் பின்னாடி ஷெட்ல உக்காந்திருக்காரு. இவங்க டீ கொண்டுபோய் வெச்சிருக்காங்க. கூப்பிட்டிருக்காங்க, பதில் இல்ல. அப்படியே வெச்சிட்டு உள்ள வந்துட்டாங்க. கூப்பிட்டுப் பதில் வரலைன்னா ஒரு எட்டு திரும்பிப் பாக்கத் தோணாதா? நானா இருந்தா..."

காலையிலிருந்து இது எத்தனையாவது முறையோ. ஒவ்வொரு முறையும் டீ கொஞ்சம் அதிகமாக ஆறியது, அண்ணி கொஞ்சம் வேகமாக உள்ளே போனாள். நரம்பில்லாத நாக்குக்கு என்ன, எப்படியும் வளையும்.

அவள் விரலை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பதில் வரவில்லையாம்! இவர்களுடைய அண்ணன் என்றைக்குக் கேட்டவுடன் பதில் சொன்னார்?

ஊரில் அவருக்கு 'லேட்டு' என்று பெயர். வண்டிகளுக்கு வயரிங் செய்வதில் அவரை மிஞ்சிய ஆள் இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டால், கையில் இருக்கும் திருகாணியை முறுக்கி முடிப்பார், துணியில் விரலைத் துடைப்பார், தகரக் கூரையை ஒரு பார்வை பார்ப்பார், அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். அதற்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் போயே போயிருப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் போகவும் மாட்டார்கள், பொறுக்கவும் மாட்டார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். "கடையை நான் பாத்துக்கறேன், நீ பின்னாடி ஷெட்ல இரு. சரிதானண்ணே? அண்ணனுக்குச் சம்மதம்" என்று தம்பி எழுந்து போன அன்று அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவர் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வந்தது என்ன என்று அந்த வீட்டில் யாரும் இன்றுவரை கேட்கவில்லை. தெருவைப் பார்த்த, கண்ணாடி போட்ட வண்டிச் சாமான் கடை தம்பிக்கு, பின்பக்கத் தகரக் கொட்டகை அண்ணனுக்கு என்று அப்படித்தான் ஆயிற்று.

கல்யாணமான புதிதில் அவளும் அழுதிருக்கிறாள், இந்த மனிதனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று. பிறகு பழகிவிட்டது. கேட்டுவிட்டு நாலு பாத்திரத்தைத் துலக்கினால் பதில் வந்துவிடும். கேட்டதற்கு மட்டுமல்ல, கேட்காமல் விட்டதற்கும் சேர்த்தே வரும். உலகத்திலேயே அவருடைய பதிலுக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் டீயை வைத்து, "சூடா இருக்கு, குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, பதில் வரட்டும் என்று உள்ளே போய்த் துணி மடித்தாள். மடித்து முடிந்தது. பதில் வரவில்லை. போய்ப் பார்த்தால் முக்காலியில், சுவரில் சாய்ந்தபடி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு.

டாக்டர் வந்து, இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டது என்றார். டீ வைத்தபோது உயிர் இருந்ததா இல்லையா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. டாக்டரால் சொல்ல முடியாததைத்தான் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் துணியை மறுபடி நனைத்தாள். அப்போது பின்பக்க ஜன்னல் வழியாகக் கொழுந்தனின் குரல் கேட்டது.

"சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். அண்ணனுக்குக் கடைசியில கை வரல. ஒரு வருஷமாவே அப்படித்தான். நான்தான் வெளியில தெரியாமச் சமாளிச்சிட்டிருந்தேன்."

துணி அவள் கையிலேயே நின்றது.

"எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையேப்பா" என்றது இன்னொரு குரல், தயங்கித் தயங்கி. பேப்பர்காரர். விடியும் முன் வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறவர். பழைய விளக்கில் ரோட்டுக் குழி தெரியவில்லை என்று, கொழுந்தன் கடையில் எச்ஐடி என்ற புது மாதிரி விளக்கு வாங்கி, மாட்டச் சொல்லித் தன் பைக்கை இங்கே விட்டிருந்தார். துக்கத்துக்குத்தான் வந்திருந்தார். ஆனால் நாளை விடியற்காலை பத்திரிகை போட வண்டி வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்கவும் கூசி, கேட்காமல் போகவும் முடியாமல் ஷெட் பக்கம் ஒதுங்கியவரைக் கொழுந்தன் பிடித்துக்கொண்டான்.

"தெரியலையா? இங்க பாருங்க. சாவி போடறேன். எரியுதா? இல்ல. அணைச்சுப் போடறேன். எரியுதா? கல்லு மாதிரி கிடக்கு. நான் வித்த லைட்டு தங்கமான லைட்டு. நடுவுல இந்தக் கறுப்புப் பெட்டி ஒண்ணை மாட்டி வெச்சிருக்காரு பாருங்க, நான் கொடுத்த செட்டுல இது கிடையவே கிடையாது. எதுக்குன்னு அவருக்கே தெரியுமோ என்னவோ. இதை வெட்டி எறிஞ்சிட்டு நேராக் கொடுத்துடறேன். ரெண்டே நிமிஷம். இனிமே வண்டி வேலைன்னா நேரா என்கிட்டயே வந்துடுங்க, நல்ல ஆளாப் போட்டிருக்கேன்."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இங்கே எரிக்கக்கூட இல்லை, உடம்பு இன்னும் கூடத்தில் கிடக்கிறது. காலையில் அந்த உடம்பின் காலைப் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதவனும் இவன்தான். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கட்டிங் பிளேயரைத் தேடி மேஜை இழுப்பறையை அவன் இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள்.

"அண்ணி, எங்க போறீங்க? ஆளுங்க வந்திருக்கற நேரத்துல நடுவுல எழுந்து போனா சனம் என்ன பேசும்?"

"பேசறதுக்குத்தான் நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள்.

ஷெட் பாதி இருட்டாக இருந்தது. வண்டி நடுவில் நின்றது. முன்விளக்குக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் அந்தக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து போகும் வயர்களெல்லாம் பின்னல் போட்டதுபோல் கட்டப்பட்டிருந்தன. கொழுந்தன் குனிந்து, பிளேயரின் வாயை அந்தப் பின்னலில் வைத்திருந்தான்.

"கையை எடு."

அவன் நிமிர்ந்தான். "அண்ணி, நீங்க உள்ள போங்க. இது வேலை விஷயம்."

"கையை எடுன்னேன்."

இத்தனை வருஷத்தில் அண்ணி அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. அவன் கையை எடுத்தான். பேப்பர்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம்மா, வண்டி இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாயிலேயே முணுமுணுத்தார்.

"அது ரிலே" என்றாள் அவள். "உடனே எரியாது."

"உடனே எரியாத லைட்டு எதுக்கண்ணி?" கொழுந்தன் சிரிக்கக்கூடப் பார்த்தான்.

எதற்கு என்று அவளும் கேட்டிருக்கிறாள், முந்தாநாள், டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு. அவர் ஒரு வயரைச் சீவி, முறுக்கி, கூரையைப் பார்த்து, அப்புறம் சொன்னார்: "இந்த லைட்டுக்குள்ள கம்பி கிடையாது, வாயுதான். பத்தறப்ப நிறைய இழுக்கும். அதே நேரத்துல ஸ்டார்ட்டரும் இழுத்தா பேட்டரி பாவம், யாருக்குன்னு கொடுக்கும்? லைட்டு பத்தும், அணையும், மறுபடி பத்தும். சீக்கிரம் செத்துப்போயிடும். அதனால இது கொஞ்சம் பொறுக்கும். முதல்ல வண்டி உயிர் பிடிக்கட்டும், அப்புறம் லைட்டு." சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் தலையில் இருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பினார். "உங்களை மாதிரி" என்றாள் அவள். அதற்குப் பதில் ராத்திரி சாப்பிடும்போது வந்தது. ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அதையெல்லாம் இவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? சொல்லி முடிக்கும்வரை நிற்கிற ஆளா இவன்? பிறந்ததிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவன். சாவியைப் போடுவான், கண் இமைப்பதற்குள் அணைப்பான், மறுபடி போடுவான். அவன் அணைக்க அணைக்க அந்தப் பெட்டி முதலிலிருந்து அல்லவா பொறுக்க ஆரம்பித்திருக்கும்!

அவள் சாவியைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பயம் வந்தது.

அவருக்குக் கை நடுங்கியது உண்மை. கொழுந்தன் சொன்னது பொய்யாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு சுட்டிருக்காது. ஒரு வருஷமாக வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் அவர் வயரைப் பற்றவைத்தார். அதனால்தான் டார்ச் பிடிக்க அவள் போனாள். வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த வயர்களை நேற்று அவள் பார்த்தாள். எரியவைத்துப் பார்த்தாரா என்பதை அவள் பார்க்கவில்லை.

எரியாவிட்டால்? கை போய்விட்டது என்பதுதான் நிற்கும். ஆயுள் முழுக்க அவர் பார்த்த வேலைக்கெல்லாம் இந்த ஒரு வண்டிதான் சாட்சி என்று ஆகிவிடும். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்? உயிரோடு இருந்தபோதே சொல்ல விட்டதில்லை இவர்கள்.

சாவியைத் திருப்பினாள்.

எரியவில்லை.

"பாத்தீங்களா" என்றான் கொழுந்தன்.

"இரு."

"அண்ணி, நான் பத்துத் தடவை..."

"வாயை மூடிட்டு இருடா! உங்கண்ணனுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இரேன்!"

அந்த 'டா' அவளை அறியாமல் வந்தது. கூடத்தில் இருந்த பேச்செல்லாம் நின்றுவிட்டது. பின்வாசலில் நாத்தனாரும் இன்னும் சிலரும் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம் கேட்டது. கொழுந்தனின் கை தானாகச் சாவிப் பக்கம் போயிற்று. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

கறுப்புப் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

விளக்கு முதலில் ஊதாவாக ஒரு துடிப்புத் துடித்தது. பிறகு நீலம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வெள்ளையாக நின்றது. எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சம். வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்கள், ஆணியில் தொங்கிய அவருடைய சட்டை, மேஜை ஓரத்தில் நேற்றைய டீ, மேலே ஆடை படிந்து, வைத்தது வைத்தபடி. அதை யாரும் எடுக்கவில்லை. அவளும்தான்.

"நல்லா எரியுதே" என்றார் பேப்பர்காரர். "அம்மாடி, பகல் மாதிரி இருக்கே."

கொழுந்தன் பிளேயரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "எனக்கு... அண்ணன் சொல்லவே இல்லையே அண்ணி."

"சொல்லியிருப்பாரு. நீ நின்னிருந்தா."

அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை உருவிப் பேப்பர்காரர் கையில் கொடுத்தாள். "காலையில தைரியமா ஓட்டுங்க. சாவி போட்டதும் எரியலையேன்னு பயந்துடாதீங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க, எரியும். யாராவது இதை எடுத்துடலாம்னு சொன்னா விடாதீங்க." அவர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பின்வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். நாத்தனாரும் சுவரோடு ஒதுங்கினாள்.

வெளியே அமரர் ஊர்தி வந்துவிட்டது. தெருவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மடமடவென்று ஒதுக்கினார்கள். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும் என்று வாட்சைப் பார்த்தார். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. யாரோ கட்டிலைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். கொழுந்தன் தலைமாட்டுக்கு வந்தான், பேப்பர்காரர் கால்மாட்டுக்கு.

அவள் குனிந்து கணவனின் வலது கையை எடுத்துப் பார்த்தாள். நகத்தடியில் கறுப்பு அப்படியேதான் இருந்தது. இப்போது அவள் அதைத் தேய்க்கவில்லை. கையை நெஞ்சின்மேல் வைத்து, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள். எங்கே புறப்பட்டாலும் வாசலில் நின்று அவரைக் கேட்பதுபோலவே கேட்டாள்.

"என்னங்க, கெளம்பலாமா?"

"தூக்குங்கப்பா" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டில் ஒரு விரற்கடை உயர்ந்தது.

அவள் தலையைத் தூக்காமலே ஒரு கையை மட்டும் காட்டினாள். "இருங்க."

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஊர்தியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அவளைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்தான். தூக்கிய கட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவனும் நின்றான்.