மாப்பிள்ளை கைக்கு அளவெடுத்த ஸ்டியரிங்

மாமனாரின் அந்தக் காலத்துக் காரில் பல் டாக்டர் பதினான்கு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தார், ஒருநாள்கூட ஓட்டியதில்லை. மாமனார் உயிரோடு இருந்தவரை, "பல்லைப் பிடுங்குற கை வேற, இதைப் பிடிக்கிற கை வேற மாப்பிள்ளை" என்று சொல்லிச் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார். அவர் போனபின் சாவி மச்சானின் இடுப்புக்கு வந்தது. வசனம் மட்டும் கொஞ்சம் மாறியது. ஸ்டியரிங்கில் விரிசல் இருக்கிறதாம், அதை எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது என்பது மச்சான் கைக்குத்தான் தெரியுமாம். டாக்டர் பல்லைக் காட்டிக்கொண்டே பக்கத்து சீட்டில் ஏறுவார். அவர் மனைவி, அதாவது மச்சானின் தங்கை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறுவாள். டாக்டருக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் மச்சான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கார் திங்கட்கிழமையோடு ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்துக்குப் போகிறது, காட்சிப் பொருளாக. சுற்றிலும் சங்கிலி கட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் தொட முடியாது. ஸ்டியரிங் மட்டும் பார்க்கிற மாதிரி இருந்தால் போதும் என்கிறார்கள். டாக்டர் அந்த வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங்கை நான் சரிபண்ணித் தருகிறேன், ஞாயிறு காலை ஒரே ஒரு தடவை நான் ஓட்டுவேன் என்றார். சொந்தக்காரர்கள் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டதால் மச்சானால் மழுப்ப முடியவில்லை.

மறுநாள் முதல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளி நாற்காலியில் ஸ்டியரிங் சாய்ந்து படுத்திருந்தது. பழக்க தோஷத்தில் நர்ஸ் அதற்கும் கழுத்துத்துணி கட்டிவிட்டிருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருந்தவர்களிடம், உள்ளே பெரிய கேஸ் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவைத்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வெளிறிய தந்த நிறத்து வளையத்தில் பதினொரு விரிசல்கள். ஒவ்வொன்றையும் டாக்டர் சொத்தைப் பல்லைப் போலக் குடைந்தார், கழுவினார், காற்றடித்துக் காயவைத்தார், அடைத்தார், நீல வெளிச்சம் காட்டி இறுக்கினார். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லியும் விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அளவெடுக்காமல் ஒரு பொருளைப் பொருத்துவது அவர் தொழிலில் மகா பாவம். வளையத்தின் இரண்டு பக்கமும் பல் அச்செடுக்கும் மாவைப் பிசைந்து அப்பி, தன் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து, மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அந்த அச்சின்படியே, விரல் பள்ளங்களோடு, பல்செட்டுக்கு ஊற்றும் பிசினில் இரண்டு பிடிகளை வார்த்தார். கையிருப்பில் ஈறு நிறம்தான் இருந்தது. இதில் விஷமமே இல்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிவிடும். மச்சானின் தடித்த விரல்கள் அந்தப் பள்ளங்களில் நுழையாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கடைசியில் முழு வளையத்துக்கும் கண்ணாடி மாதிரி மெருகேற்றினார். வெள்ளையும் ரோஸுமாக அது சிரித்தது. கைகளை வைத்துப் பார்த்தார், சொருகிக்கொண்டது. வாய்க்குள் பல்செட் சுற்றுவதில்லை, அதனால் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை மச்சான் ஸ்டியரிங்கைப் பார்த்தார். யாருக்கோ கொட்டாவி வந்த மாதிரி இருக்கிறதே என்று மட்டும் முனகிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். தங்கை வழக்கம்போலப் பின்னால்.

ஷெட்டுக்கு நேர் எதிரே தண்ணீர்த் தொட்டிவரை இரண்டு கிலோமீட்டர், கோடு கிழித்த மாதிரி சாலை. டாக்டர் கைகளைப் பதித்தார். கார் கிளம்பியது. பதினான்கு வருடத்து எரிச்சல் முதல் நூறு அடியிலேயே கரைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை வரவில்லை. வரவில்லை என்பதன் அர்த்தம் அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

தொட்டியருகே சாலை இடமும் வலமுமாகப் பிரிந்தது. டாக்டர் ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பினார். மேலே திருப்ப வேண்டுமென்றால் கையை எடுத்து மாற்றிப் பிடிக்க வேண்டும். கை வந்தால்தானே! பலங்கொண்டமட்டும் இழுத்தார், 'ப்ளக்' என்று ஒரு கை பிடுங்கிக்கொண்டு வந்தது. வேறு இடத்தில் பிடித்தால் மெருகு வழுக்கியது. பிரேக்கை மிதித்தார். கார் தொட்டிச் சுவருக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றது.

மச்சான் இடம் மாறி உட்கார்ந்து முயன்றார். விரல் நுனிகூட நுழையவில்லை. ஒருவர் வலது பள்ளத்தையும் ஒருவர் இடது பள்ளத்தையும் பிடித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மடியில் ஏறி உட்காரப் போகிறீர்களா என்று மச்சான் கேட்டார். இருவரும் இறங்கினார்கள். வீடுவரை ரிவர்ஸிலேயே போய்விடலாமா என்று ரோட்டில் நின்று வாதாடினார்கள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பின் கதவு திறந்தது. தங்கை இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து கைகளை வைத்தாள். அவள் கை டாக்டர் கையில் பாதிதான். பள்ளத்தில் தாராளமாக நுழைந்தது, நினைத்தபோது வெளியே வந்தது. ஒரு கையால் இழுத்தாள், விட்டாள், அடுத்த பள்ளத்தைப் பிடித்தாள். சக்கரங்கள் முழுசாகத் திரும்பின.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அண்ணன்.

"அப்பாவுக்கு நானும் பொண்ணுதானே. சாவி உன் இடுப்புக்கு வந்தப்ப, ஓட்டுறியான்னு நீ என்னைக் கேட்டியா?" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "தினமும் உங்க கார்ல பிள்ளைங்களை ஸ்கூல்ல விடுறது நான்தான். உங்க கைக்கு அளவெடுத்தீங்களே, என் ஞாபகம் வந்துச்சா?"

வரவில்லை. பதினான்கு வருடமாகத் தன்னை யாரும் கேட்கவில்லை என்று வெந்துகொண்டிருந்தவருக்கு, பின் சீட்டிலும் ஒருத்தி அதே பதினான்கு வருடமாக, இல்லை, பிறந்ததிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது. அதோடு, மறைப்பானேன், பொறாமையாகவும் இருந்தது.

"நாங்களும் ஏறிக்கிறோம்" என்றார்.

"பின்னாடி ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" என்றாள் அவள்.

இருவரும் ஏறினார்கள். மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் கைப்பையை நீட்டினாள், டாக்டர் வாங்கிக்கொண்டார். கார் கொஞ்சம் பின்வாங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் இடதுபக்கச் சாலையில் போயிற்று. எங்கே போகிறோம் என்று கேட்க இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.