மதியத்தைப் பார்க்கப் போனவள்

பள்ளிக்கூட விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு அந்த வீட்டில் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்து வைத்தவன் அவள் கணவன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க ரூபாய்க் காசு அளவு கண்ணாடியையே உற்றுப் பார்த்துக் கிடப்பவனிடம் யாரோ ஒரு வாடிக்கையாளர் போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பாலைவனத்துக்கு நடுவில் ஓர் உல்லாச நகரம். சுற்றிலும் மணல், நடுவில் வெள்ளை வெள்ளையாய் ஹோட்டல்கள், ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு நீல நீச்சல் குளம். அன்றிலிருந்து அவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அந்த ஊரில்தான் இருந்தான்.

"பாரேன், எவ்ளோ தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல! கண்ணுக்கு எவ்ளோ நிம்மதி!" என்பான்.

"இங்க வேகறது பத்தலைன்னு அங்க வேற போய் வேகணுமா மாப்ள?" என்பார் மாமனார்.

மாமனார் என்றால் அவன் மனைவியின் அப்பா. தன் மனைவி போய்ச் சேர்ந்தபிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பஸ்ஸிலேயே வாழ்ந்தும் எந்த ஊருக்கும் போகாத மனுஷன். காலையில் டிப்போவில் ஏறுவார், ராத்திரி அதே டிப்போவில் இறங்குவார். போன வருஷம் வெயிலில் மருந்துக்கடை வரை நடந்தவர் கடை வாசலிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து மதியம் அவரை யாரும் வெளியே விடுவதில்லை.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா? நான் காவல் இருக்கேன்" என்று அவர் சொன்னபோது எட்டு வயசுப் பேத்தி, அவளை எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "தாத்தா வரலைன்னா நானும் வரல. ஆனா எனக்குப் போகணும்."

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

குருவியின் அம்மா குளிர்சாதன மெக்கானிக். பட்டறையில் அவளுக்குப் பேர் கம்ப்ரஸர் அக்கா. மீன் கிடங்கு, ஐஸ்கிரீம் ஃபேக்டரி, பிணவறை என்று குளிர் எங்கெல்லாம் படுத்துவிடுகிறதோ அங்கெல்லாம் போய் எழுப்பிவிட்டு வருவாள். ஒரு திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு, அதே பாலைவன நகரத்தின் பேரைச் சொன்னார். அங்கே ஒரு ஹோட்டலில் நீச்சல் குளத்துத் தண்ணீரைக் குளிர வைக்கிற மெஷின் நின்று நின்று போகிறதாம். இரண்டு நாள் வேலை.

"குளத்துக்கே ஏசியா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. இல்லைன்னா பசங்க வெந்துடுவாங்களாம்."

"கேட்டீங்களா மாப்ள?"

கணவன் காதில் அது விழவே இல்லை. "கரும்பு தின்னக் கூலியா!" என்று குதித்தான். "நீ போய் நல்லா பாத்துட்டு வா. நாம போகலாமா வேணாமான்னு நீ சொல்றதுதான் தீர்ப்பு."

"ஆழம் பாத்துட்டுத்தான் காலை விடணும்" என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். குருவி மட்டும் அம்மாவின் டூல் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, "மணல்ல செருப்பில்லாம நடக்க முடியுமான்னு பாரும்மா" என்றாள்.

பஸ் அவளை இறக்கிவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. ஊரில் ஆளே இல்லை. அகலமான தெரு, இரண்டு பக்கமும் கடைகள், கண்ணாடிக்கு உள்ளே விளக்குகள். ஆனால் நடைபாதையில் ஒரு காக்கை கூடக் கிடையாது. சிக்னல் பச்சையானது, சிவப்பானது, யாருக்காக என்று அதற்கே தெரியவில்லை. தெருவின் கோடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி பளபளத்தது. அவள் நடக்க நடக்க அதுவும் தள்ளித் தள்ளிப் போனது. வேர்வை வருவதற்கு முன்னாலேயே காய்ந்துவிடுகிற வெயில். யாரோ அடுப்பு ஊதுகிற குழலை முகத்துக்கு நேராகப் பிடித்த மாதிரி காற்று.

ஹோட்டல் குளத்தில் கையை விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. கரையில் ஒருவர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, கல் சுடுகிற சூட்டில் குதித்துக் குதித்து ஓடினார். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் ஊர் எழுந்துகொண்டது. எங்கிருந்துதான் வந்தார்களோ! குழந்தைகள், தள்ளுவண்டிகள், கையைக் கோத்துக்கொண்ட கிழவன் கிழவிகள். மலைகள் ஊதா நிறத்துக்குப் போயின. மணல் ரோஜா நிறமானது. அவள் மாடி ஜன்னலில் நின்று, தூக்கத்தில் நடக்கிறவர்களைப் பார்ப்பது போல் அவர்களைப் பார்த்தாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றான் கணவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"சூடு கொஞ்சம் இருக்கு. ஆனா..." என்று தொடங்கியவள் ஜன்னலுக்கு வெளியே ஊதா மலைகளைப் பார்த்தாள். "நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் மெஷினிடம் ஒரு சிக்கல். விடியற்காலையில் அது சமர்த்தாக ஓடியது. சாயங்காலமும் ஓடுமாம். நிற்பது நடுப்பகலில் மட்டும்தான். நோவு வரும் நேரத்தில் நாடி பிடித்தால்தானே நோவு தெரியும். ஹோட்டல் மேனேஜர் எவ்வளவோ சொன்னார், "மதியம் மேல போகாதீங்கம்மா, எங்க ஆளுங்களே போக மாட்டாங்க" என்று. தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு பாட்டில் தண்ணீரோடு, பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

மெஷினுக்கு மேலே இரண்டு பெரிய ஃபேன்கள். ஒன்று சுற்றியது. மற்றொன்று சோம்பேறி மாடு மாதிரி மெதுவாகி, மெதுவாகி, அவள் கண்ணெதிரே நின்றது. மோட்டார் சூடு தாங்காமல் இறுகிக்கொள்கிறது. கண்டுபிடித்தாயிற்று. ஸ்பேனரை எடுக்கப் போனவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பெட்டிக்கு வெளியே விட்டிருந்த ஸ்பேனர் நெருப்பாய்ச் சுட்டது. துண்டால் சுற்றிப் பிடித்து நாலு போல்ட்டையும் கழற்றினாள். முதல் பாட்டில் காலி. இரண்டாவதைத் திறந்தாளா என்பது பிறகு யோசித்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை.

மாடியின் மறுபாதியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் வெள்ளை. காற்றில் அவை உப்பி உப்பி அடங்கின. அந்த வெள்ளைக்கு நடுவே அப்பா போய்க்கொண்டிருந்தார்.

பழைய யூனிஃபார்ம். தோளில் தோல் பை. இருபது வருஷத்துக்கு முந்தின நடை, விரைப்பாக, ஓடுகிற பஸ்ஸில் விழாமல் நடந்து பழகினவருடைய நடை. ஒவ்வொரு விரிப்பையும் கையால் ஒதுக்கி ஒதுக்கி, யாருக்கோ டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனார். 'அப்பா, வெயில்ல என்னப்பா?' என்று கேட்க நினைத்தாள், வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விசில் அடித்தார். ஒரே ஒரு விசில் என்றால் நிறுத்தம், இரண்டு என்றால் போகலாம். இரண்டு அடித்தார். அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாளாவது அப்பாவோடு கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள் அவள். பின்னாலேயே நடந்தாள். விரிப்புகள் முகத்தில் ஈரமாய் உரசின. கடைசி விரிப்புக்கு அப்பால் நீலம் மட்டும்தான் இருந்தது.

"ஏய்! எங்க போற!"

ஒரு கை அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற பெண். விரிப்புகளை எடுக்க வந்தவள். மாடியின் விளிம்புச் சுவர் முழங்கால் உயரம்தான். இவள் அதற்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

துணி அடுக்குகிற அறையில், மடித்து வைத்த கம்பளிகள் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். அறைப் பெண் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

"யாரைப் பாத்த?" என்றாள் அறைப் பெண், மிகச் சாதாரணமாக.

"எங்கப்பாவை."

"இருக்காரா?"

"இருக்காரு. வீட்ல."

"அப்போ சரி. எனக்கு முதல் வருஷம் என் மாடு வந்துச்சு." அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணியைப் பிழிந்து மறுபடி நெற்றியில் போட்டாள். "இந்த ஊரு கெட்ட ஊரு இல்லடியம்மா. மதியத்துக்கு நாம வழி விட்டுடணும், அவ்வளவுதான். உன்னை மாதிரி எதிர்த்து நின்னா அது சும்மா விடாது."

"குடும்பத்தோட வரலாமான்னு பாக்கத்தான் வந்தேன்."

"இப்பவா? வயசானவரை வச்சுக்கிட்டா? வேணாம். அரைப்பரீட்சை லீவுல வா. அப்போ நானே வெயில்லதான் உக்காந்து சாப்பிடுவேன்."

வெயில் தாழ்ந்த பிறகு, ஹோட்டல் ஸ்டோரில் இருந்த புது மோட்டாரை மாட்டினாள். அறைப் பெண் பக்கத்திலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மதியம் வரை இருந்து, மாடி வாசற்படி நிழலை விட்டு நகராமல், இரண்டு ஃபேன்களும் நிற்காமல் சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் மூன்று பேரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். பொய் சொல்லலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தவள், கணவனின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆளில்லாத தெரு, தள்ளித் தள்ளிப் போன தண்ணீர், ரோஜா நிற மணல், ஸ்பேனர், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே போன அப்பா, விளிம்புச் சுவர்.

"இந்த லீவுக்கு வேணாம். குருவி மதியம் பூரா ரூமுக்குள்ளதான் கிடக்கணும். அப்பாவை நினைச்சுக்கூடப் பாக்க முடியாது."

கணவன் கிட்ட வந்து உட்கார்ந்தான். அவள் கையை எடுத்து, சுட்டுக் கொப்புளித்த இடத்தை லென்ஸ் பார்ப்பது போல் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "படத்துல சூடு தெரியல" என்றான் கடைசியில், ஏதோ தானே அந்தச் சூட்டைப் போட்டுவிட்ட மாதிரி.

அப்பாதான் கேட்டார். "நான் போனேன்னியே. எங்க போனேன்?"

"தெரியலப்பா. நீங்க ரெண்டு விசில் அடிச்சீங்க, நான் வந்தேன்."

"திரும்பிப் பாக்கலையா?"

"இல்ல."

அவர் எழுந்து காலெண்டர் பக்கம் போனார். அதன் தாள்களைப் புரட்டினார். "அரைப்பரீட்சை லீவு என்னிக்கு ஆரம்பிக்குது குருவி?" என்றார். "டிக்கெட்டு நாலு எடுங்க மாப்ள."

அரைப்பரீட்சை விடுமுறையில் போனார்கள். அதே தெரு. நடுப்பகலில் ஜனங்கள் வெயிலைத் தேடித் தேடி உட்கார்ந்திருந்தார்கள். குளத்துத் தண்ணீர் இப்போது ஐஸாய்க் குளிர்ந்தது. குருவி குதித்த வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தாள், உதடு நாவல்பழமாக. "உங்கம்மா ரொம்ப நல்லா ரிப்பேர் பண்ணிட்டா" என்றார் தாத்தா. அறைப் பெண் வந்து அவரை மேலும் கீழும் பார்த்து, "இவரா அவரு? இன்னும் உயரமா நினைச்சேன்" என்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு பேரும் ஊரைத் தாண்டி, கடைசி விளக்குக் கம்பத்தையும் தாண்டி நடந்தார்கள். மணல்மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். சூரியன் இறங்கிய இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. வண்டி இல்லை, மெஷின் இல்லை, பறவை கூட இல்லை. காற்றும் நின்றுவிட்டது.

குருவி இரண்டு காதிலும் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குக் காது அடைச்சுக்கிச்சு."

"இல்லடா. சத்தமே இல்ல."

"எங்கேயுமா?"

"எங்கேயும்."

குருவி நம்பாமல் கையைத் தட்டினாள். கைதட்டல் ஒரே ஒரு தரம் கேட்டு, போன இடம் தெரியாமல் போனது. அவள் மடியில் மகள் தலை சாய்த்தாள். தோளோடு தோளாகக் கணவன் குளிரில் லேசாக நடுங்கினான். ஓரடி தள்ளி அப்பா மூச்சு விடுவது கூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று பேருடைய மூச்சையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.