ஏழாவது கணக்கு

காலை பத்து ஐந்துக்குத் தாளாளர் இளவழகன் மைக்கைப் பிடித்தார். வெண்ணந்தூர் சாலையில் உள்ள அந்தப் பள்ளியின் சேர்க்கை விழா. அரங்கில் இருநூறு பெற்றோர். மேடையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். படியோரம் கணக்கு ஆசிரியை வெண்ணிலா.

விழாவில் பிள்ளைகள் சொல்லிக் காட்ட வேண்டிய மனக்கணக்குப் பெருக்கலை அவள் முறையாகத்தான் தொடங்கியிருந்தாள். 96 பெருக்கல் 97. நூற்றைவிட ஒன்று நான்கு குறைவு, மற்றது மூன்று குறைவு. 96இல் மூன்று போனால் 93. நான்கு மூன்று பன்னிரண்டு. 9312. அது ஏன் அப்படி வருகிறது என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினாள். இரண்டு வாரம் பொறுத்த இளவழகன் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"ஏன்னு எவன் கேக்கறான்? இருவது கணக்கு, இருவது விடை. வரிசையா மனப்பாடம் பண்ண வைங்க. எல்லாம் ஒரே கொரல்ல வரோணும்."

பண்ண வைத்தாள். கேள்வியே தேவையில்லை என்கிற அளவுக்கு விடைகள் ஓடின. அபிநயா மட்டும், "வரிசை மறந்து போயிருதுங்க மிஸ், நான் போட்டே சொல்லிக்கறேன்" என்றிருந்தாள்.

மேடையில் ஐந்து கணக்குகள் முடிந்தன. நடுவில் யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வந்து தாளை எடுத்த இளவழகன், ஆறாவதைத் தாண்டி ஏழாவதைப் படித்துவிட்டார்.

"தொண்ணூத்தெட்டு இன்ட்டு எம்பத்தெட்டு!"

"ஒம்பதாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு!" பதினோரு குரல்கள். ஆறாவது கணக்கின் விடை.

"எட்டாயிரத்து அறுநூத்தி இருவத்தி நாலு." சற்றுப் பிந்தி, தனியாக, அபிநயா.

அரங்கில் சிரிப்பு. இளவழகன் தாளைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"ஒரு புள்ளைக்கு மட்டும் இன்னும் பயிற்சி வேணுமுங்க. மத்த பதினோரு பேருக்கும் பலமாத் தட்டுங்க!"

தட்டினார்கள். எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. படம் பிடித்தார்கள். ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

வெண்ணிலா ஒரு படி ஏறினாள். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"தெரியுது டீச்சர். வீடியோ ஓடுது. அந்தப் புள்ளையக் கீழ எறக்குங்க."

மூன்றாவது வரிசையில் அபிநயாவின் அப்பா சென்னியப்பன் எழுந்து நின்றார். கோழிப்பண்ணையிலிருந்து நேராக வந்தவர். சட்டைக் கையில் தீவனத் தூசி. இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஊட்டுல நல்லாத்தான் சொல்லுச்சுங்க." பிறகு மகளைப் பார்த்து, "எல்லாரும் சொல்றதயே சொல்லீருக்கலாமில்ல சாமி?"

அபிநயா படியிறங்கினாள். வழியிலேயே விரல்களை மடக்கி இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். வெண்ணிலாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டாவது மைக் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மிஸ், நான் சொன்னது தப்புங்களா?"