பாலம் வேண்டுமா, வேண்டாமா

கண்ணாடிக் கடையில் காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிப்பது அவள் வேலை. கணவனும் அண்ணனும் விளிம்பு தேய்த்துக்கொண்டிருப்பார்கள், கை ஒழியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும்.

கால்வாய்க்கு ஒரு நடைபாலம் வேண்டும் என்று போன வருடம் இருவரும் சேர்ந்துதான் மனுக் கொடுத்தார்கள். பிறகு அண்ணனின் நங்கூரக் கட்சி பாலம் கட்டுவோம் என்று அறிவித்தது. கணவன் மணிக் கட்சி. அன்று முதல் அவனுக்குப் பாலம் வேப்பங்காயாய்க் கசந்தது. இருவருக்கும் பேச்சும் நின்றது. ஒரு செங்கல்கூட வைக்காத பாலம் அதற்குள் எப்படிக் கெட்டுப்போனது? அவளுக்கு அது ஒரே குடைச்சல்.

இன்றைய பேப்பரில் மணிக் கட்சி பாலம் கட்டப்போகிறதாம், நங்கூரம் வேண்டாம் என்கிறதாம். படித்து முடித்தாள்.

"நான் எப்பவும் சொல்றதுதானே! பாலம் இல்லாம ஜனங்க பறந்தா போவாங்க?" என்றான் கணவன்.

"சொட்டுத் தண்ணி இல்லாத கால்வாய்க்குப் பாலம் ஒரு கேடா?" என்றான் அண்ணன்.

துணிக்கடைக்குப் போகவேண்டிய ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கினார்கள். வேறு கண்ணாடி கையிருப்பில் இல்லை. உடைந்தால் இந்த மாதம் அடுப்பு எரியாது.

"உன் அண்ணனை இடது பக்கம் திருப்பச் சொல்லு."

"உன் வீட்டுக்காரருக்கு இடது எதுன்னு தெரியுமான்னு முதல்ல கேளு."

கண்ணாடி இருந்த இடத்தில் இன்றைய பேப்பரின் பாதிப் பக்கம் கிடந்தது. கீறல் விழாமலிருக்க யாரோ கிழித்து அடியில் வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தாள். மீதிப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கட்சியின் தலைப்பின் கீழ் மற்றக் கட்சியின் பேச்சைப் படித்திருக்கிறாள்!

வாசலில் பாலச் சண்டை முற்றியது. கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயோ, நிறுத்துங்க! நான் மாத்திப் படிச்சிட்டேன். கட்டுறேன்னது நங்கூரம், வேண்டாம்னது மணி!"

இருவரும் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தார்கள். கையை நீட்டவும் வழியில்லை, முகத்தைத் திருப்பவும் வழியில்லை, நடுவே கண்ணாடி.

"இந்தப் பேப்பரே புளுகு மூட்டை," என்றான் கணவன் மெல்ல.

"விலைபோனவங்க, மாப்ள," என்றான் அண்ணன்.

"பாத்து மச்சான், படி இருக்கு."

கண்ணாடி பூப்போல வண்டியில் ஏறியது. அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"சரி, இப்ப சொல்லுங்க. நம்மளுக்குப் பாலம் வேணுமா, வேண்டாமா?"

கணவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கணவனைப் பார்த்தான். மற்றவன் முதலில் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.