பதினான்கு மெழுகு மூக்குகள்

எங்கள் சபையின் சிலுவைப்பாடு நாடகத்துக்கு முகப்பூச்சுப் போடுவது நான்தான். பார்லர் வைத்திருப்பவளுக்கு அது ஊழியம், அதாவது இலவசம். இந்த முறை போதகர் ஒரு அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தார். உள்ளே பதினான்கு மெழுகு மூக்குகள், கொக்கி மாதிரி வளைந்து கிடந்தன.

“யூதருக்கெல்லாம் ஒட்டிடுங்க சிஸ்டர். பிரதான ஆசாரியர், கூட்டத்துல கத்தறவங்க, எல்லாருக்கும்.”

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இருபது வருடம் மனித முகங்களோடு புழங்கியவள் நான். இப்படி ஒரு மூக்கை எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

“பேதுருவும் யூதர்தானே பாஸ்டர்?”

“அவர் விசுவாசிச்சாரே. அவருக்கு வேண்டாம்.”

“விசுவாசிச்சா மூக்கு சின்னதாயிடுமா?”

அவர் சிரித்தார். “நல்லா கேட்டீங்க போங்க! உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஒட்டவே வேண்டாம். சொந்தச் சரக்கே போதும்.” பாடகர் குழு மொத்தமும் சிரித்தது.

என் கணவர் யூதராகப் பிறந்தவர். பிறப்பு கணக்கில்லை, விசுவாசம் ஒன்றே போதும் என்று இந்தப் போதகர் வாரம் தவறாமல் பிரசங்கித்ததை நம்பி, பத்து வருடத்துக்கு முன் இவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றவர். அன்றிலிருந்து வருடா வருடம் அவருக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ் வேஷம். மூக்கு என்று பார்த்தால் போதகருடையதுதான் பெரிது.

என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் உள்ளங்கையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“விடும்மா, பெரிசு பண்ணாத. எங்க வீட்டுல என்னைத் தலைமுழுகியாச்சு. இவங்களையும் விட்டா யாரு இருக்கா நமக்கு?”

அடுத்த நாற்காலியில் இயேசு. போதகரின் மருமகன், மூக்கும் முழியுமாக இருப்பார். “சீக்கிரம்க்கா,” என்றார். கண்ணை மூடச் சொன்னேன். பெட்டியிலிருந்து ஒரு மூக்கை எடுத்துப் பசை தடவி அழுத்தி ஒட்டினேன்.

போதகர் ஓடி வந்தார். “ஐயோ, அசிங்கம்! ஆண்டவர் முகத்துலயா!”

“அசிங்கம்னு இப்பத்தான் தெரியுதா பாஸ்டர்? அவரும் யூதப் பொண்ணு வயித்துல பிறந்தவர்தானே. அம்மா ஜாடை கொஞ்சமாவது இருக்காதா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. போதகர் மருமகன் முகத்திலிருந்து மெழுகைப் பிய்த்தெடுத்தார். “சரி, யாருக்கும் ஒட்ட வேண்டாம்,” என்று முணுமுணுத்தார்.

என் கணவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். எழுந்து, யூதாஸின் அங்கியைக் கழற்றி மடித்து நீட்டினார். “இந்த வருஷம் உங்கள்ல ஒருத்தர் போட்டுக்குங்க.”

அதை வாங்க ஒரு கையும் நீளவில்லை.